இருபத்தொன்று என்ன?

பெயிண்ட் தொழிற்சாலையின் பரிசோதனைக் கூடத்தில் அவளை எல்லோரும் மோலக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கிராமை மோலாக்குவதும் மோலை மில்லிமோலாக்குவதும்தான் அவள் பிழைப்பு. மோல் வேறொன்றுமில்லை, டஜன் மாதிரி ஒரு எண்ணிக்கை. ஆனால் எவ்வளவு பெரிய எண்ணிக்கை! அறுநூறு கோடியை ஒரு கோடியால் பெருக்கி, வந்ததை மறுபடியும் ஒரு கோடியால் பெருக்க வேண்டும். பதினெட்டு கிராம் தண்ணீரில், அதாவது ஒரு வாய்த் தண்ணீரில், அத்தனை துகள்கள். நூற்றெண்பது கிராம் குளுக்கோஸிலும் அதே எண்ணிக்கைதான். இத்தனை வருஷமாகியும், தண்ணீர் குடிக்கும்போது சில நாள் அதை நினைத்து டம்ளரும் கையுமாக நின்றுவிடுவாள்.

அந்தக் கூடத்தில் ஒரு வழக்கம். யாராவது அலகை விட்டுவிட்டு வெறும் எண்ணைச் சொன்னால் கேட்பவர் "என்ன?" என்று கேட்டே ஆக வேண்டும், சொன்னவர் எல்லோருக்கும் டீ வாங்கித்தர வேண்டும். பின்னே, மோலும் மில்லிமோலும் இடம் மாறினால் கணக்கு ஆயிரம் மடங்கு புரண்டுவிடாதா? பழக்கம் வீடுவரை வந்துவிட்டது. தையல்காரரான அவள் கணவர் "இடுப்பு முப்பத்தாறு" என்று முணுமுணுத்தால் போதும், "முப்பத்தாறு என்ன?" என்பாள்.

"எருமைமாடு" என்பார் அவர்.

அவருக்குச் சர்க்கரை நோய். வீட்டிலிருந்த சர்க்கரை பார்க்கும் கருவி பழுதாகிப்போக, வெளிநாட்டிலிருக்கும் அவர் தம்பி புதிதாக ஒன்று அனுப்பியிருந்தான். அன்று சாயங்காலம் அவள் வேலை முடிந்து வந்தபோது அவர் தையல் மெஷின்மேல் சாய்ந்து கிடந்தார். பேச்சு குழறியது. அவள் புதுக் கருவியைப் பிரித்து, விரலில் குத்தி, கடுகளவு ரத்தம் எடுத்தாள். திரையில் இருபத்தொன்று.

பழைய கருவி நூற்றுக்குக் கீழே காட்டினாலே பதறுகிறவள் அவள். சர்க்கரை அடியோடு இறங்கிவிட்டது, ஆள் போய்விடுவார் என்று நினைத்தாள். சமையலறைக்கு ஓடிச் சர்க்கரையைக் கரைத்து வந்து அவர் உதட்டில் வைத்தாள்.

"இருபத்தொண்ணுதாங்க இருக்கு. வாயத் திறங்க."

அவர் கண்ணைப் பாதி திறந்தார். "இருபத்தொண்ணு... என்ன?"

டம்ளர் நின்றது. திரையின் ஓரத்தில் பொடி எழுத்தில் அலகு இருந்தது. பழைய கருவி மாதிரி டெசிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்றில்லை, லிட்டருக்கு இத்தனை மில்லிமோல். பதினெட்டால் பெருக்கினால் முந்நூற்று எழுபத்தெட்டு. உச்சியில் நிற்கிற சர்க்கரைக்கு மேலும் சர்க்கரை ஊற்றப் போயிருக்கிறாள். டம்ளரைத் தொட்டியில் கவிழ்த்துவிட்டு, பக்கத்து வீட்டுக்காரரின் வண்டியில் அவரை ஏற்றினாள்.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, பாட்டில் ஏறி, அவர் முகம் தெளிந்தபோதும் அவள் அவருடைய குத்தின விரலையே பிடித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன பார்க்கற?"

"அந்த ஒரு சொட்டுல எத்தனை இருந்துச்சு தெரியுமா? நூறு கோடி கோடிக்கும் மேல."

அவர் யோசித்தார். "நூறு கோடி கோடி என்ன?"

"எருமைமாடு" என்றாள். அதற்குமேல் அவளால் அழுகையை அடக்க முடியவில்லை.