நேற்றைய தண்ணீர்

போன லீவில் ஊருக்கு வந்தபோது, சின்னவனைக் குளிப்பாட்டும் முன் வாளித் தண்ணீரில் முழங்கையை விட்டுப் பார்த்தேன். நீங்கள் மூன்று பேரும் சிரித்தீர்கள். "அப்பாவுக்கு விரல் இல்லையா?" என்று பெரியவள் கேட்டாள். அன்றைக்கு மழுப்பிவிட்டேன். அந்தப் பழக்கம் எப்படி வந்தது என்று இப்போது எழுதுகிறேன்.

மஸ்கட்டில் ரூவிக்குப் பக்கத்தில் சர்ச் காம்பவுண்டில் எனக்கு வேலை என்பது உங்களுக்குத் தெரியும். வெள்ளிக்கிழமைகளில் ஒரே ஹாலில் தமிழ், மலையாளம், எத்தியோப்பியர் என்று ஒவ்வொரு சபையும் நேரம் பிரித்து ஜெபம் பண்ணும். நாற்காலி போடுவது, தரை கழுவுவது, குழாய் பார்ப்பது எல்லாம் நான். எனக்கு மேலே இருந்தவர் கென்யாக்கார சிஸ்டர். அவருடைய நாட்டில் ஒரு மிஷனில் பல வருஷம் தண்ணீர் சுமந்து, சோளக்கூழ் கிண்டி, பிள்ளைகளைக் குளிப்பாட்டியவர். என்னோடு உடைந்த ஹிந்தியில் பேசுவார். எனக்கும் அந்த ஹிந்திதான்.

நான் வந்த முதல் கோடை அது. ஹாலில் ஆள் முழுதாக மூழ்கி ஞானஸ்நானம் எடுக்கிற தொட்டி ஒன்று உண்டு. வியாழக்கிழமை சாயங்காலமே அதை நிரப்பி, ஏசியைப் போட்டுவிடச் சொன்னார் சிஸ்டர். அப்படியே செய்தேன். மறுநாள் காலையில் பார்த்தால், தண்ணீர்மேல் லேசாகத் தூசி. எனக்கு மனசு கேட்கவில்லை. நம் ஊர்க் கோயிலில் ராத்திரி பிடித்து வைத்த தண்ணீரைச் சாமிக்கு ஊற்றுவார்களா? விடிந்ததும் புதிதாக இறைத்துத்தானே ஊற்றுவார்கள். எல்லாவற்றையும் திறந்துவிட்டு, குழாயைத் திருப்பிவிட்டு நாற்காலி போடப் போய்விட்டேன்.

இங்கே கோடையில் மொட்டைமாடி டேங்க் தண்ணீர் எப்படிக் கொதிக்கும் என்றும், அது ராத்திரி ஏசியில் ஆறத்தான் முதல் நாளே நிரப்பச் சொன்னார் என்றும் எனக்கு அப்போது உறைக்கவில்லை.

அன்றைக்கு ஞானஸ்நானம் எடுக்க இருந்தது வீட்டுவேலை பார்க்கும் ஓர் எத்தியோப்பியப் பெண். இரண்டு வருஷம் காத்திருந்து அந்த ஒரு காலைக்குத்தான் அனுமதி வாங்கியிருந்தாள். பதினோரு மணிக்கு அந்த வீட்டுக் கார் வந்துவிடும். அடுத்த வாரம் அந்தக் குடும்பத்தோடு அவளும் தெற்கே வெகுதூரத்தில் இருக்கிற சலாலாவுக்குப் போகிறாள். பத்து மணிக்குச் சிஸ்டர் வந்து தொட்டியில் முழங்கையை விட்டார், உடனே எடுத்துக்கொண்டார். வெள்ளை அங்கியோடு நின்ற அந்தப் பெண்ணின் முகம் வாடிப்போனது. நான் செய்ததை அப்படியே சொன்னேன். கோயில் காரணத்தையும் சொன்னேன். சிஸ்டர் திட்டவில்லை.

"மாஃபி முஷ்கில், பாய். ஐஸ். ஜல்தி." அரபியும் ஹிந்தியும் கலந்து, பரவாயில்லை, சீக்கிரம் ஐஸ் கொண்டு வா என்கிறார்.

ஓடினேன். எதிர்க் கடையில் இருந்த ஐஸ் பையெல்லாம் வாங்கினேன், போதவில்லை. ஜெபம் முடித்து வெளியே வந்த தமிழ் சபையில், யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் மீன் கம்பெனி வேன் ஓட்டுகிறவர். விஷயம் கேட்டதும் வேனைத் திறந்தார்.

"ஐஸ் கிடக்கு அண்ணை. ஆனா கொஞ்சம் மீன் மணக்கும்," என்றவர், நான் தயங்குவதைப் பார்த்துச் சிரித்தார். "பேதுருவும் மீன்காரர்தானே. ஒண்டும் சொல்ல மாட்டார்."

தமிழ் சபை வரிசையாக நின்று பெட்டிகளைக் கைமாற்றியது. சிஸ்டர் ஒவ்வொரு பெட்டிக்கும் ஒருமுறை முழங்கையை விட்டுப் பார்த்தார். பிள்ளைகளைக் குளிப்பாட்டிய பழக்கம். வேலை செய்து காய்த்த விரலுக்குச் சூடு தெரியாதாம். பத்து ஐம்பதுக்குத் தலையாட்டினார். அந்தப் பெண் மூழ்கி எழுந்தபோது பல் கிடுகிடுத்தது. மஸ்கட் ஜூலையில் குளிரில் நடுங்கியவள் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். கார் ஹாரன் அடிக்க, ஈரத் தலையோடு சிரித்துக்கொண்டே ஓடினாள்.

பிறகு தரையைத் துடைக்கும்போது சிஸ்டர் சொன்னார்: "மரியாதையாலதான் தப்புப் பண்ணினே. அந்த மரியாதை இருக்கட்டும். தண்ணி மட்டும் நேத்துப் பிடிச்சதா இருக்கட்டும்."

சிஸ்டர் தன் நாட்டுக்குத் திரும்பிவிட்டார். நான் இப்போது வியாழக்கிழமை நிரப்பியதும், தூசி விழாமல் தொட்டியை வெள்ளைத் துணியால் மூடிவிடுகிறேன்.

போன வெள்ளிக்கிழமை அந்த எத்தியோப்பியப் பெண் வந்திருந்தாள். இப்போது மஸ்கட்டில் ஒரு கடையில் வேலையாம். ஞானஸ்நானத்துக்குத் தன் தங்கையைக் கூட்டி வந்திருந்தாள். என்னை அடையாளம் கண்டு, "பாய், இன்னிக்கு ஐஸ் இருக்கா?" என்று கேட்டாள். நான் துணியை விலக்கினேன். அவள் தங்கையைச் சற்று நிறுத்திவிட்டு, சட்டைக் கையை மேலே ஏற்றி, தொட்டிக்குள் முழங்கையை விட்டுப் பார்த்தாள்.