மாட்டு டாக்டரின் தங்கை

“தங்கச்சியை எப்படி சார் கல்யாணம் பண்ணிக்குவா?” என்று கேட்டார் சவுண்டுக்காரர்.

வசனக்காரர் பேனா மூடியைத் திருகினார். திரையில் மாட்டு டாக்டர், ரப்பர் பூட்ஸும் தலையில் ஒட்டிய வைக்கோலுமாக, எதிரே நின்ற பெண்ணின் விரலில் மோதிரம் போட்டுக்கொண்டிருந்தாள். போட்டு முடித்ததும் இருவரும் முத்தமிட்டுக்கொண்டார்கள். தங்கைக்குக் கொடுக்கிற முத்தம் இல்லை அது. சவுண்டுக்காரர் மரியாதைக்காகப் படத்தை நிறுத்தினார். நிறுத்திய இடம் இன்னும் மோசமாக இருந்தது.

“கொஞ்சம் தள்ளி நிறுத்துங்களேன்” என்றார் வசனக்காரர்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், சுவரெல்லாம் பஞ்சு ஒட்டிய அறையில், மைக் முன்னால் ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள். மின்விசிறி சத்தம் போடும் என்பதால் அந்த அறையில் மின்விசிறி கிடையாது. கழுத்தில் ஒரு துண்டு. இருபத்திரண்டு வருடமாக வெளிநாட்டுத் தொடர்களுக்குத் தமிழில் குரல் கொடுக்கிறவள். கட்டைக் குரல். அதனால் வில்லிகள் எல்லாம் அவளுக்கே வந்தார்கள், கட்டடத்தில் எல்லாரும் அவளை வில்லியக்கா என்றே கூப்பிட்டார்கள். முதல் முறையாக, வில்லி இல்லாத, கதையின் நடுவில் நிற்கிற ஒருத்திக்கு இப்போதுதான் பேசுகிறாள். மாட்டு டாக்டருக்கு.

தங்கை வந்த கதை இது. தொடர் மொத்தம் எட்டு எபிசோடு. எட்டையும் முதலிலேயே பார்ப்பது நேர விரயம் என்பது வசனக்காரரின் கொள்கை. அன்றைக்குப் பேச வேண்டியதை அன்றைக்குக் காலையில் பார்ப்பார், சுடச்சுட எழுதுவார். இரண்டாவது எபிசோடில் ஒரு பெண் பெட்டியோடு டாக்டர் வீட்டுக்கு வந்தாள். பக்கத்து வீட்டுக் கிழவி யாரென்று கேட்டாள். “நான் விரும்பறவ” என்றாள் டாக்டர், அவள் மொழியில். வசனக்காரர் பேனாவைக் கடித்தார். முதல் எபிசோடில்தான் டாக்டரின் பழைய கணவன் வந்து தோட்டத்துக்கு வேலி கட்டிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். கணவன் இருந்தவளுக்கு இது எப்படி? எழுத்துப் பிழை மாதிரி அவருக்குப் பட்டது. திருத்தினார். “என் தங்கச்சி.” அந்த எபிசோடு போன வெள்ளிக்கிழமை வெளியாகி ஊரே பார்த்துவிட்டது. இப்போது ஆறாவது எபிசோடில் தங்கை மோதிரம் மாட்டிக்கொண்டு நிற்கிறாள்.

“தத்தெடுத்த தங்கச்சின்னு சொல்லிடலாமா?” என்றார் சவுண்டுக்காரர். ஐம்பத்தெட்டு வயது, இடது காது மந்தம். சவுண்டு வேலைக்கு ஒரு காது போதும் என்பார்.

“தத்தெடுத்தா மட்டும் கட்டிக்கலாமாண்ணே?” என்று மைக்கில் கேட்டாள் அவள்.

“கனவுன்னு வெச்சுக்கலாம்.”

“மிச்சம் இருக்கற ரெண்டு எபிசோடு முழுக்கவா?”

“நீளமான கனவு.”

வசனக்காரர் சிரிக்கவில்லை. தாளைப் புரட்டினார். தொடரை வெளியிடுகிற கம்பெனி அனுப்பிய பாத்திரக் குறிப்பு அது. “இதுல என்னவோ பான்செக்சுவல்னு போட்டிருக்காங்க. நான் சபலக்காரின்னு எடுத்துக்கிட்டேன்.”

“சபலம் இல்ல சார். ஆணா பொண்ணா வேற எதுவான்னு கணக்குப் பார்க்காம, ஆளைப் பார்த்து மனசு போறவங்க” என்றாள் அவள்.

“எல்லாம் ஒண்ணுதான்” என்றார்.

ஒன்றுதான் என்று நினைத்தது அவர் மட்டும் இல்லை. இப்படிப்பட்ட பாத்திரங்களை எழுதுகிற கதைக்காரர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். யார் மேலும் மனம் போகும் என்று எழுதப்பட்ட பெண்கள் கடைசியில் அவள் தொண்டைக்குத்தான் வந்து சேர்வார்கள். இதுவரை ஐந்து பேருக்குப் பேசியிருக்கிறாள். ஒருத்தி கடற்கொள்ளைக்காரி. ஒருத்தி ராஜாவையும் ராணியையும் ஒரே விருந்தில் விஷம் வைத்துக் கொன்றவள்; அதற்கு முன் இருவரோடும் படுத்தவள். ஒருத்தி இருநூறு வயதுப் பேய். ஒன்று இயந்திரம். மிச்சம் ஒருத்தி வேற்றுக்கிரகத்துக்காரி, நீலத் தோல். வேலைக்குப் போய், பல்வலியோடு வீடு திரும்புகிற மனுஷிக்கு இந்த மனம் வாய்க்கும் என்று அந்த மகான்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. கிரகம் விட்டுக் கிரகம் போய் ஆள் பிடித்து வந்தார்கள்.

ஐந்து பேருக்கும் கையில் ஒரு கோப்பை உண்டு. ஒருத்திக்கும் நாற்காலியில் ஒழுங்காக உட்காரத் தெரியாது. கைப்பிடி மேல் காலைப் போட்டுக் கிடப்பார்கள். கதவைத் திறந்து உள்ளே வந்தால் அறையில் இருக்கிற அத்தனை பேரையும் ஒரு சுற்று மேய்ந்துவிட்டுத்தான் பேச்சையே தொடங்குவார்கள். தொடங்கினாலும் பேச்சாக வராது, கொஞ்சலாக வரும். “இன்னும் கொஞ்சம் வழவழன்னு, வில்லியக்கா” என்பார் வசனக்காரர். அவளும் குரலில் எண்ணெய் தடவிக் கொடுப்பாள். கடைசி எபிசோடில் யாரையாவது காப்பாற்றிவிட்டுச் செத்துப்போவார்கள். அதுவரை வாழ்ந்ததற்குக் கழுவாய். பார்க்கிறவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கப் போவார்கள்.

அவள் நாற்பத்தேழு வருடத்தில் மூன்று பேரை விரும்பியிருக்கிறாள். முதலில், இருபது வயதில், நாடகக் கம்பெனியில் விளக்குப் போடுகிற ஒருவர். ஆணா பெண்ணா என்று தெருவே பந்தயம் கட்டிய ஆள். அவள் கட்டவில்லை, கேட்கவும் இல்லை. ஏணி மேல் நின்று விளக்கைத் திருப்பும்போது அந்த முகத்தில் ஒரு கவனம் இருக்கும். அது போதுமாக இருந்தது. கம்பெனி ஊர் மாறியபோது அந்த ஆளும் போனார். பிறகு லாரி உதிரிபாகக் கிடங்கில் வேலை பார்த்த ஒருவனைக் கட்டிக்கொண்டாள். பதினொரு வருடம். நல்லவன். குறட்டை தவிர அவன் மேல் சொல்ல ஒன்றும் இல்லை. இருவருக்கும் பேச்சு தீர்ந்துபோனது, பிரிந்தார்கள். இன்றும் அவள் பிறந்தநாளுக்கு ஒரு நாள் தாமதமாக போன் செய்வான். பிறகு நாலு வருடம் யாரும் இல்லை. ஹெட்போன் மாட்டி மாட்டிக் காதில் சீழ்பிடித்த வருடங்கள் அவை. பிறகு கண்ணாடிக்காரி. மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறவள், லென்ஸைத் தானே தேய்ப்பவள், வீட்டில் யாருடைய கண்ணாடி அழுக்காக இருந்தாலும் பிடுங்கித் துடைத்துவிடுபவள். ஒன்பது வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறார்கள். கடற்கொள்ளைக்காரி ஒரு சாயங்காலத்தில் முடித்த காரியத்துக்கு அவளுக்கு இருபத்தேழு வருடம் பிடித்தது.

வீடு வாடகைக்கு எடுத்த அன்று, சொந்தக்காரர் நீட்டிய தாளில் ‘உறவு’ என்று ஒரு கட்டம் இருந்தது. பெரியம்மா மகள் என்று எழுதினாள். எழுதியது பழகிப்போய், ஸ்டுடியோவிலும் அதையே சொன்னாள். கண்ணாடிக்காரி குடையோடு அவளைக் கூட்டிப்போக வருவாள். “அக்கா வந்தாச்சு” என்று கதவைத் திறந்துவிடுவார்கள். வசனக்காரர் மூக்கின் மேல் இருக்கிற கண்ணாடிகூட அந்த அக்கா தேய்த்துக் கொடுத்ததுதான்.

ஆகையால் இரண்டாவது எபிசோடில் “என் தங்கச்சி” என்ற தாள் கைக்கு வந்தபோது அவள் ஒன்றும் சொல்லவில்லை. பேசிவிட்டு வந்தாள். எந்த வாயை வைத்துச் சொல்வது?

ஆறாவது எபிசோடுக்காகக் காத்திருந்தாள். கம்பெனி அனுப்பும் மூலப் பிரதியை வசனக்காரர் படிக்காவிட்டாலும் அவள் படிப்பாள். மோதிரம் மாட்டிய பிறகு, பக்கத்து வீட்டுக் கிழவி கேட்பாள்: முன்னால புருஷன், இப்ப இவ, கடைசியில நீதான் எந்தப் பக்கம்? டாக்டர் குழாயடியில் திரும்பி நின்று கை கழுவிக்கொண்டே சொல்வாள்: “நான் ஆளைப் பார்த்தேன். மத்ததெல்லாம் கூட வந்துது.” அவ்வளவுதான். கோப்பை இல்லை, கொஞ்சல் இல்லை, சாவும் இல்லை. கையில் மாட்டுச் சாணம். இருபத்திரண்டு வருடத்தில் இந்த ஒரு வரியைத் தன் சொந்தக் குரலில் பேச வேண்டும் என்று அவளுக்கு இருந்தது. ஒரு மாதமாகக் குளியலறையில் பேசிப் பார்த்தாள். “என்னடி, யாரோட ரகசியம்?” என்று கண்ணாடிக்காரி வெளியிலிருந்து கேட்டாள்.

வசனக்காரர் பேனாவை மூடினார். முகம் தெளிந்திருந்தது.

“வழி கிடைச்சிடுச்சு. குழாயடி ஷாட்ல முதுகுதானே தெரியுது?”

“முதுகுதான்” என்றார் சவுண்டுக்காரர்.

டப்பிங் வேலையில் முதுகு என்பது காலி மனை. வாய் அசைவு தெரியாது. யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளலாம். எத்தனையோ தப்புகளை முதுகுகள்தான் தாங்கியிருக்கின்றன.

“அங்க இதைப் போடுங்க” என்று வசனக்காரர் படித்தார். “‘தங்கச்சின்னு பொய் சொல்லி ஊரை ஏமாத்தினேன். எனக்கு யார் கிடைச்சாலும் சரி. என் ரத்தம் அப்படி.’ எப்படி? ரெண்டாவது எபிசோடு நம்ம தப்பு இல்ல, அவ தப்பு. கதையும் ஒட்டிக்கிச்சு.”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதை அவள் கேள்விப்பட்டிருக்கிறாள். மறைத்த பூசணிக்காய்க்கே திருட்டுப் பட்டம் கட்டுவதை இப்போதுதான் பார்க்கிறாள்.

“அவ தங்கச்சின்னு சொல்லவே இல்லையே சார். நீங்க எழுதினது.”

“யாரு எழுதினா என்ன. இப்ப யாரு காப்பாத்தறதுன்னு பாருங்க.”

“மூலத்துல ஒரு வரி இருக்கு. அதைப் போடலாம். ரெண்டாவது எபிசோடுல ஒரே ஒரு வார்த்தைதான், திருப்பிப் பேசித் தர்றேன். எனக்கு ஒண்ணும் தர வேண்டாம்.”

“வெளியான எபிசோடைத் திருப்பினா கம்பெனி என்னைத் திருப்பி அனுப்பிடும். புரிஞ்சுக்குங்க. அதோட அந்த வரி...” தேடிப் படித்தார். “சப்புனு இருக்கு. குடும்பத்தோட உட்கார்ந்து பார்க்கறவங்க யாருங்க இதை நம்புவாங்க? மாட்டு டாக்டராம், கண்ணியமானவளாம், புருஷனோட சண்டையும் இல்லையாம், ஆனா ஒரு பொண்ணைக் கட்டிக்குவாளாம். நிஜத்துல இப்படி ஒருத்தரைக் காட்டுங்க, எழுதறேன்.”

கண்ணாடியில் அவள் முகமும் அவர் முகமும் ஒன்றன் மேல் ஒன்று தெரிந்தன. அவள் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“உங்க கண்ணாடி யார் போட்டது சார்?”

“ஏன், உங்க அக்காதான்.”

“அக்கா இல்ல. பெரியம்மாவுக்குப் பொண்ணே கிடையாது. அக்கா தங்கச்சின்னு பொய் சொன்னது டாக்டர் இல்ல, நான். அவளைத்தான் நான் கட்டிக்கிட்டிருக்கேன், தாலி மோதிரம் எதுவும் இல்லாம. அதுக்கு முன்னாடி புருஷன் இருந்தான், அவனையும் பிடிச்சுத்தான் கட்டினேன். யார் கிடைச்சாலும் சரின்னு இல்ல சார். கிடைக்கவே இல்ல நாலு வருஷம். காட்டச் சொன்னீங்க. பார்த்துக்குங்க.”

குரல் உயரவில்லை. வசனக்காரர் கண்ணாடியைக் கழற்றினார். எங்கே வைப்பது என்று தெரியாமல் மறுபடியும் போட்டுக்கொண்டார்.

“வில்லியக்கா” என்றார் சவுண்டுக்காரர் மெதுவாக. “மைக் ஓடிக்கிட்டிருக்கு. எல்லாம் பதிவாயிடுச்சு. அழிச்சிடட்டுமா?”

“இருக்கட்டும்ண்ணே.”

“நல்ல சுத்தமா வந்திருக்கு. அதான் கேட்டேன்.”

வசனக்காரர் நல்ல மனுஷன் என்று பெயர் வாங்க ஆசைப்படுகிறவர். கெட்டவராக இருக்கவும் தைரியம் போதாது. தான் எழுதியதை அடித்தார். “சரி, மூலத்துல இருக்கறதையே பேசுங்க. தங்கச்சி விஷயத்தை அப்புறம் பார்த்துக்கலாம்” என்றார், மேஜையைப் பார்த்தபடி. “இத்தனை வருஷமா சொல்லவே இல்லையே நீங்க.”

“கேட்கலையே.”

சவுண்டுக்காரர் படத்தைக் குழாயடிக்கு ஓட்டினார். கிழவி கேட்டாள். முதுகு தெரிந்தது, தண்ணீர் சத்தம் வந்தது. அவள் பேசினாள்.

“நான் ஆளைப் பார்த்தேன். மத்ததெல்லாம் கூட வந்துது.”

எண்ணெய் தடவாத குரல். ஒரே டேக். சவுண்டுக்காரர் நல்ல காதை ஸ்பீக்கர் பக்கம் சாய்த்துக் கேட்டுவிட்டுத் தலையாட்டினார். வசனக்காரர் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். திரும்பி வரவில்லை.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு வசனக்காரர் கூப்பிட்டார். வரி கம்பெனிக்குப் பிடித்துவிட்டது, அப்படியே வைத்துக்கொள்கிறார்கள் என்றார். குரல் மட்டும் சாதாரணமாக இருக்கிறதாம், ஒரு கவர்ச்சி வேண்டுமாம். அதனால் ஆறிலிருந்து எட்டு வரை வேறு ஒரு பெண்ணைப் பேச வைக்கிறார்கள். அந்தப் பெண் காலையிலேயே வந்து அந்த வரியைப் பேசிவிட்டாள், நன்றாகக் கொஞ்சிப் பேசினாள். குரல் மாறியது தெரிந்தால் டாக்டருக்குச் சளி என்று பார்க்கிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள். அக்கா என்று ஆரம்பித்து, நிறுத்தி, வீட்டில் எல்லாரையும் கேட்டதாகச் சொல்லச் சொன்னார். நேற்றுச் சொன்னதால்தான் இதுவா என்று அவள் கேட்கவில்லை. கண்ணாடிக்காரியிடம் சொன்னாள். அவள் கேட்டுவிட்டு, அந்த ஆளுக்கு இந்த வருடம் பவர் கூடியிருக்கும், வரட்டும் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுக் கடை திறக்கப் போனாள். பதினொரு மணிக்கு அவளுக்கு வேறு ஒரு இடத்தில் லிப்ட் அறிவிப்புப் பதிவு இருந்தது. தரைத்தளத்திலிருந்து பதினான்காம் தளம் வரை பேசினாள். கதவு திறக்கிறது, கதவு மூடுகிறது என்பதை இரண்டு விதமாகக் கேட்டார்கள், கொடுத்தாள். நாலு மணிக்கு வீட்டுக்கு வந்து துண்டைத் துவைத்துக் காயப்போட்டாள்.