கவர்னரைக் காக்க வைத்தவள்

நாத்தனார் ஒருத்தி இருந்தாலே சூப்பில் உப்புக்குப் பஞ்சாயத்து வரும். உமுகாமா என்கிற எங்கள் இக்போ ஊரில் மடுகா வம்சத்துக்கு வாழ்க்கைப்பட்ட எங்களுக்கு நாத்தனார் ஒரு படையே உண்டு. வம்சத்தில் பிறந்து வெளியூர்களில் கட்டிக்கொடுத்த பெண்கள் எல்லாரும், ஒரு சாவு விழுந்தால் போதும், பாயைச் சுருட்டிக்கொண்டு பிறந்த வீட்டில் வந்து இறங்கிவிடுவார்கள். அடக்கம் முடியும்வரை அவர்கள் வைத்ததுதான் சட்டம். அவர்கள் பார்த்து அழாமல் எந்தப் பிணமும் குழிக்குள் போகாது. பனைமரம் ஏறுகிறவன் பிணமானாலும் சரி, கவர்னர் பிணமானாலும் சரி.

அந்தப் படைக்கு மூத்தவள் உரேடியா. பக்கத்து ஊரில் மரவள்ளிக் கிழங்கு அரைக்கும் மில் வைத்திருந்தாள். மிஷின் சத்தத்துக்கு மேல் கத்திக் கத்தி, ரகசியம் பேசினாலும் தெருக்கோடிக்குக் கேட்கும். என்னை அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. வம்சத்துக்கு வந்த மருமகள்களை அந்தப் பெண்கள் "எங்க பொண்டாட்டி" என்றுதான் அழைப்பார்கள். "எங்க பொண்டாட்டி, இது சூப்பா, கை கழுவின தண்ணியா?" என்று சபையில் கேட்பாள். எனக்கு அவளைப் பிடிக்காது. ஊருக்கே தெரிந்த விஷயத்தை மறைத்து என்ன ஆகப்போகிறது.

ஆனால் எங்கள் ஊர் கிளினிக் அவள் கட்ட வைத்தது. அதை இல்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும்.

அவளுடைய தங்கை ஒருத்தி, பிரசவ வலியோடு மோட்டார் சைக்கிளில் நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் செத்துப்போனாள். சேறும் பள்ளமுமான சாலை. நடுவில் இறக்கிப் படுக்க வைத்தார்கள், பிறகு அவள் எழுந்திருக்கவில்லை. அப்போது மாநிலத்துக்குக் கவர்னர், உரேடியாவின் சித்தப்பா மகன் ஒலிசா மடுகா. எங்கள் ஓட்டில் ஜெயித்தவர். கிறிஸ்துமஸுக்கு அவர் ஊருக்கு வந்தபோது உரேடியா பெண்களைத் திரட்டி அவர்மேல் உட்கார்ந்தாள்.

ஒரு ஆண்பிள்ளை எல்லை மீறினால் எங்கள் பெண்கள் செய்கிற வேலை அது. முகத்தில் சாம்பல் பூசி, கையில் உலக்கையும் பனையோலையுமாக அவன் முற்றத்தில் போய் உட்காருவார்கள். அவன் பண்ணியதையெல்லாம் பாட்டாகப் பாடி, உலக்கையால் தரையைக் குத்திக்கொண்டே இருப்பார்கள். அவன் இறங்கி வரும்வரை நிற்காது. கவர்னர் முதலில் ஜன்னல்களைச் சாத்திப் பார்த்தார். மறுநாள் காலையில் பனியனோடு வெளியே வந்தார்.

"அக்கா, சொந்த வீட்டுப் பொண்ணுங்களே என்மேல உட்கார்ந்தா எதிர்க்கட்சிக்காரனுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"எங்கிட்ட ஏன் கேக்குற? செத்தவ கிட்டப் போய்ப் பதில் சொல்லு," என்றாள்.

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். போலீஸைக் கூப்பிடவில்லை, சாக்குச் சொல்லவில்லை. அடுத்த மழைக்கு முன்னால் கிளினிக் எழும்பி நின்றது. போர்வெல், ஜெனரேட்டர், பிரசவ அறை. ஒரு சுவர் கோணலாக இருக்கிறது என்று காண்டிராக்டரை இடித்துக் கட்ட வைத்தார். திறப்பு விழாவன்று தன் பெயரில் பலகை வேண்டாம் என்று எடுக்கச் சொல்லிவிட்டார். அவரைப் பற்றி ஆயிரம் பேர் ஆயிரம் சொல்லுவார்கள். எனக்கு அவர் அந்தச் சுவரை இடித்தவர்.

பதவியெல்லாம் முடிந்து வெகுகாலம் கழித்து அவர் இறந்தபோது, அரசாங்கம் மரியாதை செய்யக் கிளம்பியது. இக்போக்காரன் எங்கே செத்தாலும் சொந்த முற்றத்தில்தான் புதைக்க வேண்டும். அதனால் மரியாதை முழுக்க எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தது. அடக்கக் கமிட்டி என்று ஒன்று போட்டார்கள். அதற்குத் தலைவர் தலைநகரத்து வக்கீல் ஒருவர், பாரிஸ்டர் அனேனே. வந்த வேகத்தில் ஊரைச் சுற்றிப் பார்த்தார். தண்ணீரும் கரண்டும் ஒழுங்காக உள்ள கட்டடம் கிளினிக் ஒன்றுதான் என்று கண்டுபிடித்தார். அடக்கம் முடியும்வரை அது பெரிய மனிதர்கள் தங்கும் விடுதி என்று அறிவித்தார். பிரசவக் கட்டில்களை மாமரத்தடியில் கொண்டுபோய் அடுக்கினார்கள். பூட்டுப் போட்டு, வாசலில் இரண்டு போலீஸ்காரர்களை நிறுத்தினார்கள்.

என் மகன் மனைவி உலோமாவுக்கு நாள் நெருங்கியிருந்தது. முதல் பிரசவத்தில் உதிரம் நிற்காமல் போய்ப் பிழைத்தவள் அவள். அடுத்தது கிளினிக்குக்கு வெளியே நடக்கக் கூடாது என்று நர்ஸ் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். நகரத்துச் சாலையையோ ஊர்வலத்துக்காக அடைக்கப் போகிறார்கள்.

சாவுக்கு வந்து இறங்கிய உரேடியாவிடம் போய்ச் சொன்னேன். அன்றைக்கு அவள் சூப்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நேராக பாரிஸ்டரிடம் போனாள். நானும் பின்னாலேயே போனேன்.

"அம்மா, வர்றது மந்திரிங்க, பல மாநிலத்து கவர்னருங்க. அவங்களை எங்க தங்க வைக்கிறது?" என்றார் பாரிஸ்டர்.

"அவங்களுக்கு என்ன, பிரசவமா?"

"உங்க தம்பிக்கு மரியாதை பண்றோம்மா."

"அவன் கட்டினதைப் பூட்டிட்டு அவனுக்கு மரியாதையா? நல்லா இருக்கு."

பாரிஸ்டர் சிரித்துக்கொண்டே விருந்தாளிக்கு வைக்கிற கோலாக்கொட்டைத் தட்டை நீட்டினார். அவள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் வம்சத்துப் பெண்கள் பாரிஸ்டர் தங்கியிருந்த வீட்டு முற்றத்துக்குப் போய் அவர்மேல் உட்கார்ந்தார்கள். வாழ்க்கைப்பட்டவர்கள் பிறந்தவர்களோடு ஒரே வரிசையில் உட்காருவது எங்கள் ஊரில் இல்லாத வழக்கம். எலியும் பூனையும் ஒரே பாயில் உட்கார்ந்த கதைதான். அன்று நாங்களும் உலக்கையைத் தூக்கிக்கொண்டு போனோம். பாரிஸ்டர் ஒலிபெருக்கியில் சர்ச் பாட்டுப் போட்டு எங்களை அமுக்கப் பார்த்தார். மில் மிஷினையே ஜெயித்த தொண்டைக்கு அது எம்மாத்திரம். மத்தியானம்வரை குத்தினோம், பாடினோம், அவருடைய மூக்கு முதல் செருப்பு வரை ஒன்றையும் விடவில்லை. பிறகுதான் சமையல்காரன் வந்து மெதுவாகச் சொன்னான், பாரிஸ்டர் பின்வாசல் வழியாக அப்போதே நகரத்து ஓட்டலுக்குப் போய்விட்டாராம்.

எங்கள் ஊர் ஆம்பிளை ஓடியிருந்தால் ஆயுளுக்கும் தலைகாட்ட முடியாது. நகரத்துக்காரனுக்கு அது என்ன தெரியும். நாங்கள் காலி வீட்டின்மேல் உட்கார்ந்திருந்தோம். சில பெண்கள் சிரித்தே விட்டார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகைதான் வந்தது.

"அழாத. பிணத்தை விட்டுட்டு அவன் எங்க ஓடுவான்?" என்றாள் உரேடியா.

அடக்கத்தன்று காலை உலோமாவுக்கு வலி கண்டுவிட்டது. நான் உரேடியாவிடம் ஓடினேன்.

"எங்க பொண்டாட்டி, அவளைக் கூட்டிட்டுப் போய்க் கிளினிக் வாசல்ல உட்கார வை. யார் வந்து சொன்னாலும் எழுந்திரிக்காத. நர்ஸையும் கூட வச்சுக்கோ."

"கதவு பூட்டிக் கெடக்கே."

"அது என் கவலை."

உலோமாவைத் தாங்கிக்கொண்டு போய்ப் போலீஸ்காரர்களின் காலடியில் உட்கார வைத்தேன். பாவம் அவர்கள், எங்கே பார்ப்பது என்று தெரியாமல் வானத்தைப் பார்த்தார்கள். உள்ளே தங்கியிருந்து ஊர்வலத்துக்குக் கிளம்பிய ஒரு மந்திரி, கார் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். கிளினிக்குக்கு எதிரேதான் மடுகா வீட்டு வாசல். அங்கே உரேடியா குறுக்கே பாயை விரித்து உட்கார்ந்தாள். அவளுக்குப் பின்னால் வம்சத்துப் பெண்கள் அத்தனை பேரும் கறுப்புத் துணியில், வாயைத் திறக்காமல் உட்கார்ந்தார்கள்.

பாண்டு வாத்தியம் முன்னால் வர, வெள்ளைக் கையுறை போட்ட சிப்பாய்கள் இருபுறமும் நடக்க, கண்ணாடி வண்டியில் சவப்பெட்டிக்குள் கவர்னர் வந்தார். வண்டி வாசலில் நின்றது. வாத்தியம் இரண்டு பாட்டு வாசித்துப் பார்த்து ஓய்ந்தது. பின்னால் கார்கள் கண்ணுக்கெட்டிய தூரம்வரை நின்றன. சிப்பாய்கள் பெண்களைத் தொடவில்லை. இறந்தவனின் அக்காவைப் பிடித்து இழுத்தால் என்ன ஆகும் என்று அவர்களுடைய தாய்களும் சொல்லித்தான் வளர்த்திருப்பார்கள்.

பாரிஸ்டர் வேர்த்து விறுவிறுத்து ஓடிவந்தார். "அம்மா, கவர்னர் வெயில்ல நிக்கிறாரு."

"நிக்கட்டும். செத்தவனுக்கு அவசரம் கெடையாது. அங்க ஒருத்திக்கு அவசரம்."

"நாடே பார்த்துட்டிருக்கு."

"பார்க்கட்டும். நானும் அதைத்தான் சொல்றேன்."

வம்சத்துக் கிழவர் கைத்தடியை ஊன்றிக்கொண்டு பாரிஸ்டரிடம் வந்தார். "தம்பி, இவங்க எழுந்திரிக்கலேன்னா நாங்க வெட்டின குழி மழைத்தண்ணிக்குத்தான் ஆகும். சாவியைக் குடுத்துரு," என்றார்.

பாரிஸ்டர் கார் வரிசையைத் திரும்பிப் பார்த்தார். உரேடியாவைப் பார்த்தார். பிறகு சட்டைப்பையில் கையை விட்டார்.

மந்திரிகளின் பெட்டிகள் ஒவ்வொன்றாக மாமரத்தடிக்குப் போயின. மாமரத்தடிக் கட்டில் உள்ளே வந்தது. நர்ஸ் உலோமாவைப் படுக்க வைத்துவிட்டாள் என்று ஆள் போய்ச் சொன்ன பிறகுதான் வாசலில் பாயைச் சுருட்டினார்கள். கவர்னர் வீட்டுக்குள் போனார்.

பிரசவம் சுலபமாக நடக்கவில்லை. குழந்தை வந்துவிட்டது, உதிரம் போன தடவை மாதிரியே நிற்காமல் வந்தது. நர்ஸ் ஊசி போட்டாள், அடிவயிற்றை அமுக்கிப் பிடித்துக்கொண்டே இருந்தாள். எனக்குப் பிரார்த்தனைகூட மறந்துபோனது. வெளியே ஒலிபெருக்கியில் ஒவ்வொருவராக, மக்களுக்கு உழைத்த மாமனிதர் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். பேச்செல்லாம் முடிந்து, பெட்டியைக் குழிக்குத் தூக்கும் முன் வம்சத்துப் பெண்கள் அழ வேண்டும். மூத்தவள் தொடங்காமல் மற்றவர்கள் தொடங்க முடியாது. மூத்தவளைக் காணோம் என்று தேட ஆரம்பித்தார்கள். அவள் கிளினிக் வாசற்படியில் கல்லாக உட்கார்ந்திருந்தாள். கூப்பிட வந்தவர்களைக் கையை ஆட்டியே திருப்பி அனுப்பினாள். கவர்னர் இறந்த செய்தி வந்த நாளிலிருந்து அவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

உதிரம் நின்றது. நர்ஸ் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள். நான் கதவைத் திறந்தேன்.

உரேடியா உள்ளே வந்தாள். என் கையிலிருந்த குழந்தையை அவள் பார்க்கவே இல்லை. கட்டிலருகே போய், உலோமாவின் நெற்றியில் கையை வைத்து, அவள் கண் திறக்கும்வரை அப்படியே நின்றாள்.

"உசுரோட இருக்கா," என்றாள்.

பிறகு வெளியே போய், தம்பிக்காக அழத் தொடங்கினாள்.