சின்னசேலம் ரோட்டில் கெட்டுப்போன ரத்தம்

எனக்கு எழுபத்தொன்பது வயசு. மூணு பெற்றேன், மூணையும் வளர்த்தேன். நடுவில் பிறந்தவள் விஞ்ஞானி. மனநோவு ஒரு குடும்பத்தில் எப்படி வழிவழியாக இறங்குகிறது என்று பெங்களூரில் தலை நரைக்கும்வரை ஆராய்ச்சி செய்தவள். இந்தச் சுற்றுவட்டாரத்தில் அப்படி ஒருத்தியை வேறு யார் பெற்றார்கள்?

அவள் அந்தப் படிப்புக்குப் போனதே அவள் அண்ணனால்தான். காலேஜ் போகும்வரை நல்லாத்தான் இருந்தான். அப்புறம் காதுக்குள் ஒருத்தன் பேசுகிறான் என்பான், சோறு வேணாம் என்பான், கல்வராயன் மலை ஏறிப் போய்விடுவான். மலைக்காரர்கள் சாமைக் கஞ்சி ஊற்றிக் கீழே கொண்டுவந்து விடுவார்கள். என் தம்பிக்கும் இதே நோவு இருந்தது.

"அண்ணன் ரத்தம் கெடச்சா நம்ம குடும்பத்தையே ஆராயலாம்மா" என்று மகள் வந்து நின்றாள். ஊசி என்றால் ஆளை அடிக்கிறவன், தங்கச்சிக்குக் கையை நீட்டினான்.

"எடு. உள்ள பேசறவன் இதுல வந்துட்டானான்னு பாத்து சொல்லு."

ரத்தத்தை ஐஸ் பெட்டியில் வைத்து, சின்னசேலத்தில் ரயில் பிடிக்க வாடகைக் காரில் கிளம்பினோம். இட ஒதுக்கீடு கேட்டு நம்ம சனங்கள் ரோட்டை மறித்த நேரம் அது. கேட்டது நியாயம்தான், என் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான் கேட்டார்கள். வழியில் வெட்டிப் போட்ட புளியமரம் குறுக்கே கிடந்தது. அதன்மேல் உட்கார்ந்திருந்தவர், என் சின்ன மகளைப் பெண் கேட்டு வந்த வீட்டுக்காரர்.

"இன்னா சம்மந்தி, பொட்டியில மீனா?"

ரத்தம் என்றால் யாருடையது என்பார். நோவு தெரிந்தால் கல்யாணம் நின்றுவிடும்.  நடு மகள் முந்திக்கொண்டு சொன்னாள்: "மாட்டுக்கு சினை ஊசி, மாமா."

"மாடு ஒரு நாளு பொறுக்காதா? ஆஸ்பத்திரி கேசுன்னா மரத்த நவுத்தி வுட்டுருப்போம்" என்று சிரித்து, எங்களுக்கு மோர் கொடுத்தார்.

வெயில் இறங்கும்வரை காரிலேயே இருந்தோம். பெட்டியிலிருந்து தண்ணீர் ஒழுகிக்கொண்டே இருந்தது. அவள் அதை மடியில் வைத்து முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

மறுபடி எடுக்கலாம் என்று வீட்டுக்கு வந்தால், அவன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். அதற்கப்புறம் நீட்டவே இல்லை. ஒரு மழைக்காலத்தில் மலைக்குப் போனவன் திரும்பவும் இல்லை.

மகள் யார் யார் வீட்டு ரத்தத்தையோ எடுத்து ஆராய்ந்தாள். போன பொங்கலுக்கு வந்தபோது கேட்டேன்.

"கண்டுபுடிச்சிட்டியா?"

"ஒண்ணு ரெண்டு இல்லம்மா. ரத்தத்துல எத்தினியோ எடத்துல கொஞ்சம் கொஞ்சமா இருக்குது."

"உங்க அண்ணனுக்கு எதுல இருந்துச்சி?"

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். 

பாப்பா, சின்னவள் பெற்ற பெண்ணே, என் எழுத்து கோணலாகத்தான் இருக்கும். ஒரு தரம் படிச்சிக் காட்டு. உன் மாமனைத் தாழ்த்தி எங்கனா எழுதியிருந்தா சொல்லு, அந்த வரிய அடிச்சிடறேன்.