வெள்ளிமலை ஸ்விட்ச் பேசாமல் போன மதியம்

1. மணி 2.47

புதன்கிழமை மதியம் 2.47க்கு வெள்ளிமலைக் கல்லூரியின் லேப் பிளாக் ஸ்விட்ச் பேசுவதை நிறுத்தியது. இந்த நேரத்தை நினைவிலிருந்து எழுதவில்லை, அப்போதே நோட்டில் குறித்தேன். நெட்வொர்க் பயிற்சி கொடுக்க வந்த நாளிலிருந்து எந்த பேட்ச், எத்தனையாம் நாள், யார் என்ன தவறு செய்தார்கள் என்று எழுதி வைத்துவருகிறேன். அன்றைய பக்கத்தின் முதல் வரி இது: "2.47. லேப் பிளாக் போச்சு. டைப் செய்தவர்: ராயப்பன்." அதற்குக் கீழே, பிறகு வேறு மையில் எழுதிய ஒரு வரி இருக்கிறது: "பழக்கிவிட்டவர்: நான்."

எங்கள் அலுவலகம் கள்ளக்குறிச்சியில் ஒரு மாடியில் இருந்தது. பாதி இடத்தில் நான் பயிற்சி வகுப்பு நடத்துவேன். மீதியில் சுற்றுவட்டாரக் கல்லூரிகள், பள்ளிகளின் நெட்வொர்க்கைப் பராமரிக்கும் வேலை நடக்கும். நான் பழக்கியவர்களில் சிலரை எங்கள் ஓனர் சபாபதி அங்கேயே வேலைக்கு எடுத்துக்கொள்வார். ஆறு மாதம் பார்ப்பார், சரிப்பட்டால் நிரந்தரம்.

ராயப்பன் அப்படி எடுக்கப்பட்டவர். வயது நாற்பத்து மூன்று. மூங்கில்துறைப்பட்டில் கேபிள் டிவி நடத்தியவர். ஜனங்கள் படம் பார்ப்பதைப் போனுக்கு மாற்றிக்கொண்டதும் இணைப்புகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. கடையை மூடிவிட்டு, தன் மகள் வயதுப் பிள்ளைகளோடு என் வகுப்பில் முதல் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். பிள்ளைகள் அவரை "கேபிள் அண்ணே" என்றுதான் கூப்பிடுவார்கள். அவருடைய ஆறு மாதம் அந்தச் சனிக்கிழமையோடு முடிய இருந்தது.

2. ஒரே கேபிள், பல சானல்

ஸ்விட்ச் என்பது கம்ப்யூட்டர்களின் கேபிள்களை ஒன்றாக இணைக்கும் பெட்டி. ஒரு கல்லூரி வளாகத்தில் ஒவ்வொரு மாடிக்கும் ஒன்று இருக்கும். கட்டடத்துக்கு ஒன்று அவற்றுக்கு மேலே இருக்கும். எல்லாக் கட்டடங்களுக்கும் மேலே, நடுநாயகமாக, கோர் ஸ்விட்ச். ஆபீஸ், மாணவர், கேமரா என்று ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு தனித்தடம் போடுவோம். அதற்குப் பெயர் வீலான், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். எல்லா வீலானையும் ஒன்றாகச் சுமந்து கட்டடத்துக்குக் கட்டடம் போகும் இணைப்புதான் ட்ரங்க்.

இதை நான் வகுப்பில் விளக்கியபோது ராயப்பன் கை தூக்கினார்.

"ஒரே கேபிள்ல நூறு சானல் வர்றா மாதிரியா மேடம்?"

"கிட்டத்தட்ட அப்படித்தான்."

"அப்ப இத்தினி நாளா நான் இன்னா பண்ணிக்கினு இருந்தேன்? இதத்தான பண்ணிக்கினு இருந்தேன்!"

வகுப்பே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை, நோட்டில் எழுதிக்கொண்டார்.

என் வகுப்பில் ஒரு சட்டம் உண்டு. எங்கள் லேபில் யூபிஎஸ் பேட்டரி வயதானது. கரண்ட் போனால் ஸ்விட்சில் அதுவரை அடித்ததெல்லாம் அழிந்துவிடும். ஒரு மணி நேரம் உழைத்த பிள்ளைகள் முகம் வாடி உட்கார்ந்திருப்பதைப் பல தடவை பார்த்துவிட்டு, எந்தக் கட்டளைத் தொகுப்பை எழுதினாலும் கடைசி வரி 'சேவ்' ஆக இருக்க வேண்டும் என்று சட்டம் போட்டேன். மறந்தவர் அன்று எல்லாருக்கும் டீ வாங்க வேண்டும். ராயப்பன் ஒருநாளும் டீ வாங்கியதில்லை.

தூரத்து ஸ்விட்சில் கை வைப்பதற்கு முன் 'பத்து நிமிஷத்தில் நீயே ரீஸ்டார்ட் ஆகிக்கொள்' என்று ஒரு கட்டளை கொடுத்து வைக்கலாம். நாம் ஏதாவது தப்பாக அடித்து வெளியே மாட்டிக்கொண்டால், அது தானே எழுந்து கடைசியாகச் சேவ் செய்த நிலைக்குத் திரும்பிவிடும். இதையும் சொல்லிக்கொடுப்பேன். ஆனால் எப்போது? ஐந்தாம் நாள், சாப்பாட்டுக்குப் பிறகு, பாதிப்பேர் கண்சொருகும் நேரத்தில், ஒரே நிமிடம். லேபில் எல்லா ஸ்விட்சும் ஒரே மேசையில் இருந்ததால் அதற்கு அங்கே வேலையே வரவில்லை.

3. விட்டுப்போன சொல்

வியாழன் காலை ஒன்பது மணிக்கு வெள்ளிமலைக் கல்லூரியின் லேபில் ஒரு நுழைவுத்தேர்வு. மலைப் பிள்ளைகள் எழுதுவதற்காகவே அங்கே முதல்முறையாக மையம் கொடுத்திருந்தார்கள். புதன் மாலை ஐந்து மணிக்குத் தேர்வு நடத்துபவர்களின் ஆள் வந்து ஒத்திகை பார்ப்பார். ஒத்திகை தேறாவிட்டால் மையம் ரத்து, கள்ளக்குறிச்சிக்கு வந்துதான் எழுத வேண்டும். மலையிலிருந்து முதல் பஸ் இறங்கி ஊர் வந்து சேர்வதற்குள் தேர்வு தொடங்கிவிடும். அவ்வளவு பிள்ளைகளுக்கும் அந்த வருடம் போச்சு.

தேர்வுக் கம்ப்யூட்டர்களைத் தனி வீலானில் வைக்கச் சொல்லியிருந்தார்கள். எண் 40. வேலையை ராயப்பனிடம் கொடுத்தேன். அவர் கள்ளக்குறிச்சியில் உட்கார்ந்தபடியே முதலில் கோர் ஸ்விட்சில் 40ஐ ஏற்படுத்தினார். அது சரியாக வந்தது. பிறகு லேப் பிளாக் ஸ்விட்சுக்கான வரிகளை நோட்பேடில் அழகாக எழுதி, மொத்தமாகக் காப்பி பண்ணி ஒட்டினார்.

ட்ரங்கில் புது வீலானை அனுமதிக்கும் வரியில் எண்ணுக்கு முன்னால் 'ஆட்' என்று ஒரு சொல் வேண்டும். அது இருந்தால், ஏற்கெனவே இருப்பவற்றோடு 40ஐயும் சேர் என்று பொருள். அது இல்லாவிட்டால், 40 மட்டும் போதும், மற்றதையெல்லாம் தூக்கு என்று பொருள். ராயப்பன் 'ஆட்' போடவில்லை. நாங்கள் உள்ளே போக வைத்திருந்த நிர்வாக வீலானும் தூக்கப்பட்டதில் சேர்த்தி. திரை உறைந்தது.

இந்தத் தவறைச் செய்யாத நெட்வொர்க்காரரை நான் பார்த்ததில்லை, நானும் செய்திருக்கிறேன். சாதாரணமாக இதற்கு மருந்து எளிது. சேவ் ஆகாத தவறு, ஸ்விட்சை ஆஃப் பண்ணி ஆன் பண்ணினால் மறைந்துவிடும். கல்லூரி அட்டெண்டர் அண்ணாமலைக்குப் போன் போட்டேன். ஓடிப்போய்ச் செய்துவிட்டுக் கூப்பிட்டார்.

"பண்ட்டேன் மேடம். பச்சை லைட்டு எல்லாம் நல்லா சிரிக்குதுங்க."

சிரித்தது, ஆனால் பேசவில்லை. ராயப்பன் பக்கம் திரும்பினேன். அவர் நோட்பேடைக் காட்டினார். கடைசி வரி: சேவ். மொத்தமாக ஒட்டியதால், நம் தொடர்பு அறுந்த பிறகும் ஸ்விட்ச் மிச்ச வரிகளை ஒழுங்காக நிறைவேற்றி, தவறைப் பத்திரமாகச் சேமித்துக்கொண்டுவிட்டது.

"நீங்க சொன்னா மாதிரிதான் மேடம் எழுதினேன்" என்றார். குற்றம் சாட்டும் குரல் இல்லை, அதனால்தான் உறுத்தியது.

சபாபதி எழுந்து வந்தார். "இன்னாண்ணே, உங்க காலத்துல படம் வரலன்னா ஆன்டெனாவத் திருப்புவீங்க. இங்க இன்னாத்தத் திருப்பப் போறீங்க?" என்றார். பிறகு என்னிடம் குரலைத் தாழ்த்தி, "மேடம், நாளைக்குப் பரீட்சை நடக்கலன்னா காலேஜ் நம்மள வுட்ரும். அண்ணனையும் நான் வெச்சிக்கினு இருக்க முடியாது. பார்த்துக்குங்க" என்றார். ராயப்பன் காதில் அது விழாமல் இருக்க வழியில்லை.

இனி ஒரே வழி, ஸ்விட்சின் பக்கத்திலேயே உட்கார்ந்து கன்சோல் கேபிளை அதன் வாயில் செருகி, நெட்வொர்க் இல்லாமலே லேப்டாப்பிலிருந்து நேராகப் பேசுவது. லேப்டாப்பையும் கேபிளையும் எடுத்துக்கொண்டு 3.15 பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன். படியில் நின்று திரும்பி, "நான் போய்ச் சேர்ற வரைக்கும் எதையும் தொடாதீங்க" என்றேன். ராயப்பன் இரண்டு கையையும் மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டு தலையாட்டினார்.

4. மலையேற்றம்

பஸ் ஐந்து மணிக்குள் போய்ச் சேராது என்று ஏறும்போதே தெரியும். கச்சிராயபாளையத்தில் ஐந்து நிமிடம் நின்றது. கோமுகி அணையைத் தாண்டி மலையேறத் தொடங்கியதும் போனில் கோடுகள் போய்விட்டன. எனக்கு முன் சீட்டில் இருந்த பெண் மடியில் பள்ளிப் பையோடு ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு, "நாளைக்கு இவ அக்காவுக்குப் பரீட்சை, நம்ம ஊர்லயே" என்று பக்கத்திலிருந்தவரிடம் சொல்லிக்கொண்டு வந்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வெள்ளிமலை நெருங்கும்போது 5.06க்குப் போன் உயிர் பெற்றது. ராயப்பன் மூன்று தடவை கூப்பிட்டிருந்தார். 3.58, 4.04, 4.15. அதற்குக் கீழே ஒரு செய்தி: "டெஸ்ட் ஓடிக்கினு இருக்கு மேடம். பொறுமையா வாங்க."

கல்லூரி வாசலில் அண்ணாமலை நின்றிருந்தார். "அந்த சார் பார்த்துட்டு ஓகேன்னுட்டாருங்க. நாளைக்கு இங்கதான் பரீட்சை. டீ சொல்லட்டுங்களா?" என்றார்.

சொல்லச் சொல்லிவிட்டு ராயப்பனைக் கூப்பிட்டேன்.

"இன்னா பண்ணீங்க?"

"திட்டக் கூடாது மேடம்."

"முதல்ல சொல்லுங்க."

"கேபிள்ல படம் வரலன்னு கம்ப்ளெய்ன்ட் வந்தா நாங்க ஒடனே கம்பத்துல ஏற மாட்டோம் மேடம். எந்த சானலாவது வருதான்னு கேப்போம். ஒண்ணு வந்தாலும் ஒயரு அறுந்துபோவலன்னு அர்த்தம். இங்க எல்லாத்தையும் தூக்கினேன், நாப்பத மட்டும் நான்தான வெச்சேன்? அப்ப நாப்பது போய்க்கினு இருக்கணும் இல்ல?"

எனக்குப் புரிந்துவிட்டது. அந்த லேப் பிளாக் ஸ்விட்ச் ஒரு வீலானிலிருந்து இன்னொன்றுக்கு வழி பிரித்து அனுப்பவும் தெரிந்த ரகம், ஒவ்வொரு வீலானிலும் அதற்கு ஒரு முகவரி கொடுக்கலாம். வீலான் 40க்கான முகவரியை மதியம் ஒட்டிய வரிகளிலேயே அவர் கொடுத்திருந்தார். கோர் ஸ்விட்ச் எங்களுக்குத் திறந்தே இருந்தது. அதில் 40க்கு இன்னொரு முகவரியைக் கொடுத்து, அந்த ஒரே தடத்தின் வழியாக லேப் பிளாக்குக்குள் நுழைந்துவிட்டார். அந்த வழி 2.47 முதல் என் கண்ணெதிரில் இருந்தது. எனக்குத் தோன்றவில்லை. கன்சோல் கேபிள்தான் மருந்து என்று பழகிய கை எனக்கு.

"மூணு தபா கூப்ட்டேன் மேடம், லைன் கெடைக்கல. சபாபதி சார்கிட்ட கேட்டேன். 'எனக்கு இன்னா தெரியும், உங்க இஷ்டம்ணே'ன்னுட்டு வெளிய போய்ட்டாரு."

5. ஒன்பது நிமிடம்

வந்ததற்கு ஸ்விட்சின் பதிவுகளைப் படிக்கலாம் என்று கன்சோல் கேபிளைச் செருகினேன். ஸ்விட்ச் தனக்கு நடந்ததையெல்லாம் நேரத்தோடு எழுதி வைக்கும். அந்த வகையில் என் இனம். நோட்டில் படியெடுத்துக்கொண்டேன்.

4.24. உள்ளே நுழைவு.
4.25. பதினைந்து நிமிடத்தில் ரீஸ்டார்ட் ஆகக் கட்டளை.
4.27. ட்ரங்க் திருத்தம், 'ஆட்' உடன்.
4.36. ரீஸ்டார்ட் ரத்து.
4.37. சேவ்.

ஐந்தாம் நாள் மதியம் நான் ஒரு நிமிடத்தில் கடந்துபோனதை அவர் விழித்திருந்து கேட்டிருக்கிறார். நான் அதிகம் நேரம் பார்த்துக்கொண்டிருந்தது 4.27க்கும் 4.36க்கும் நடுவில் இருந்த இடைவெளியைத்தான். திருத்தியவுடனே அவர் சேவ் செய்யவில்லை, என் சட்டத்தை மீறியிருக்கிறார். அந்த ஒன்பது நிமிடத்தில் என்ன நடந்தது என்று அண்ணாமலையிடம் கேட்டேன்.

"என்ன ஓட ஓட வெரட்டினாருங்க. லேப்ல பாரு, லைப்ரரியில பாரு, ஸ்டாஃப் ரூம்ல பாரு, கேமரா வருதா பாருன்னு. எல்லாம் வருதுங்கன்னா, 'இன்னொரு தபா பார்த்துட்டு சொல்லுப்பா'ங்கிறாரு. ஜாஸ்தி சந்தேகப்படுற மனுசருங்க."

வியாழக்கிழமை தேர்வு ஒழுங்காக நடந்தது. சனிக்கிழமை சபாபதி ராயப்பனுக்கு நிரந்தர உத்தரவைக் கொடுத்தார். ராயப்பன் படித்து முடித்து, மடித்து, சட்டைப்பையில் வைத்து, மறுபடி எடுத்து ஒரு தடவை படித்தார். பிறகு கீழே போய் எல்லாருக்கும் டீ சொன்னார். மறந்ததற்கான அபராதமா, சந்தோஷமா என்று யாரும் கேட்கவில்லை.

அடுத்த பேட்சிலிருந்து என் பாட வரிசையை மாற்றினேன். ரீஸ்டார்ட் கட்டளை முதல் நாள் காலைக்கு வந்துவிட்டது. ஒரு ஸ்விட்சை எடுத்துப்போய் மொட்டைமாடி அறையில் பூட்டிவிட்டேன். சாவி என்னிடம் இருக்கும். அதன் தொடர்பை நீங்களே அறுத்துக்கொண்டு நீங்களே திரும்பி உள்ளே வர வேண்டும் என்பதுதான் முதல் பயிற்சி. சேவ் பற்றிய சட்டம் இன்னும் இருக்கிறது, ஆனால் சரிபார்த்ததை மட்டும்தான் சேமிக்க வேண்டும். சரிபார்க்காததைச் சேமித்தவர்தான் இப்போது டீ வாங்குகிறார்.

இளையவர்களுக்கு இதில் இன்னொன்றும் இருக்கிறது. அது என்னைப் போன்ற சீனியர்களுக்கும்தான். படியில் நின்று நான் சொன்னதை ராயப்பன் கேட்டிருந்தால், கையில் சரியான கேபிளோடு இருபது நிமிடம் தாமதமாக நான் போய்ச் சேர்ந்திருப்பேன், அந்தப் பிள்ளைகளுக்கு மையம் இருந்திருக்காது. ஆகவே இப்போது யாரிடமும் "எதையும் தொடாதீங்க" என்று சொல்வதில்லை. "தொட்டுட்டு எப்படித் திரும்பி வருவீங்க?" என்று கேட்கிறேன். பதில் இருந்தால், தொடலாம்.