எட்டாத நூல்

எங்கள் சித்தப்பா அந்தமான் பக்கம் படகுத்துறை கட்டும் வேலைக்கு மேஸ்திரியாகப் போனபோது, விக்கிரமசிங்கபுரத்தில் எங்கள் தெருவே அவரை விமானியாக்கிவிட்டது. மாதம் ஒருமுறை ஒரு தீவிலிருந்து இன்னொரு தீவுக்குக் குட்டி விமானத்தில் பறப்பார், அவ்வளவுதான். இரண்டு இடத்திலும் விமான நிலையம் என்பது ஒரு தகரக் கொட்டகையும் ஓடுபாதையும்தானாம். ஒன்றரை மணி நேரப் பயணம். எவ்வளவு தூரம் என்பது அவருக்கே தெரியாது.

ஆனால் சித்திக்குத் தெரிந்தாக வேண்டும். அவள் நூல் மில்லில் வைண்டிங் பிரிவில் இருந்தாள். ஓடுகிற நூல் அறுந்தால் கண்ணிமைப்பதற்குள் முடிச்சுப் போட வேண்டும்; அதுதான் வேலை. மில்காரர் வீடுகளில் பாவாடைக்கும் ஜன்னலுக்கும் நூல் வைத்தே அளப்போம். என் அட்லஸை விரித்து, தீவுக்குத் தீவு நூல் வைத்து நறுக்கினாள். பாபநாசத்திலிருந்து மதுரைக்குப் போய்த் திரும்பும் தூரம் என்று நான் கணக்குச் சொன்னேன். அதற்கே என்னை ஆபீசர் என்று கேலி செய்தாள்.

அவர் பறக்கும் நாளில் காலை ஷிப்டு முடிந்து வந்து, அந்த நூலைப் படத்தின்மேல் வைத்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே விரலால் பைய நீவிப் போவாள். விரல் அக்கரையைத் தொட்ட கொஞ்ச நேரத்தில் எஸ்டிடி பூத்திலிருந்து ஆள் வரும், சித்தப்பா இறங்கிவிட்டார் என்று.

ஐப்பசி மழைக்குப் பள்ளிக்கூடம் விட்டிருந்த ஒரு மத்தியானம், அக்கரை நெருங்கும்போது நூல் அறுந்தது. சித்தி குனிந்துகூடப் பார்க்கவில்லை. கை தன்பாட்டுக்கு முடிச்சுப் போட்டுவிட்டது. திரும்பப் படத்தில் வைத்தாள். தீவுக்கு ஒரு நகக்கண் முன்னால், நீலத்திலேயே நூல் முடிந்தது. முடிச்சு தின்ற நூல் என்று எனக்கே தெரியும், அவளுக்குத் தெரியாதா? ஆனாலும் அவள் முகம் வெளுத்துவிட்டது.

"எட்டலையேட்டி" என்றாள்.

அன்று பூத்திலிருந்து யாரும் வரவில்லை. மறுநாள் காலையில்தான் போன் வந்தது. நானும் சித்தியோடு ஓடிப்போய்க் காதை ஒட்டிக்கொண்டேன். சித்தப்பா சிரித்துக்கொண்டுதான் பேசினார்.

"தீவு கண்ணுக்குத் தெரிஞ்சிதுட்டி. எறங்கப் போற நேரத்துல மேகம் அடைச்சிட்டு. அப்படியே திரும்பிட்டோம்."

அப்போது மணி என்ன என்று மட்டும் சித்தி கேட்டாள். அவர் சொன்னது நூல் அறுந்து அவள் முடிச்சுப் போட்ட நேரம். போனை என் கையில் கொடுத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு அவர் பறக்கும் நாளெல்லாம் சித்தி மில்லுக்கு லீவு போட்டாள். ஆள் பறப்பதற்கு இவள் எதற்கு உட்கார்ந்திருக்கிறாள் என்று அம்மா முணுமுணுப்பாள். எனக்கு வேறு கோபம். தினமும் ரிப்பன் கட்டிவிடுகிறவள் அன்றைக்கு மட்டும் என் தலையைத் தொடமாட்டாள். பிச்சிப்பூ வாங்கினால் உதிரியாகவே கிடக்கும். கைகளை மடியில் வைத்துக்கொண்டு, ஒன்றை மற்றது பிடித்தபடி சுவரோரம் இருப்பாள். நான் பரட்டைத் தலையோடு பள்ளிக்கூடம் போய் டீச்சரிடம் திட்டு வாங்குவேன். சித்திக்கு என்மேல் பிரியம் போய்விட்டது என்றே நம்பினேன்.

சாயங்காலம் பூத்து ஆள் வந்து சொன்னதும், ஓடிவந்து என்னைப் பிடித்து உட்காரவைத்து, தலை வலிக்கும்படி இறுக்கி ரிப்பன் கட்டுவாள். இனிமேல் யாருக்கு வேண்டும் என்று நான் அவிழ்த்து எறிவேன். அவர் ஆகாயத்தில் இருக்கும்வரை எந்த முடிச்சும் விழுந்துவிடாமல் அவள் தன் கைகளைக் காவல் காத்திருந்தாள். எனக்கோ அது வெறும் ரிப்பன் சண்டையாகத்தான் தெரிந்தது.