டேனி வளைவு

கொடைக்கானலில் பிறந்து வளர்ந்தவர் யாரும் கொடைக்கானலைச் சுற்றிப் பார்ப்பதில்லை. அந்தச் சோலிக்கென்று கீழேயிருந்து ஆட்கள் வருகிறார்கள். ஆகவே அறுபத்து மூன்று வயது அருள்மணி, தலையில் குரங்குக் குல்லாவும் கழுத்தில் மப்ளருமாக மன்னவனூர் ஏரிக்குப் போகும் ஜீப்பில் ஏறி உட்கார்ந்தபோது, அவரை உள்ளூர்க்காரர் என்று ஒருவரும் சந்தேகிக்கவில்லை. கையில் ஹோம்மேட் சாக்லேட் பொட்டலம் ஒன்றும் வைத்திருந்தார். வேஷத்துக்கு அது தாராளம்.

ஏறியது ஏரியைப் பார்க்க அல்ல. ஜீப் டிரைவரை அறைய.

அருள்மணி ஒரு விடுதிப் பள்ளியின் மெஸ்ஸில் முப்பத்தொரு வருஷம் கஞ்சி கிண்டியவர். அந்தக் கஞ்சியை எந்தப் பிள்ளையும் பாராட்டியதில்லை; எந்தப் பிள்ளையும் பட்டினி கிடந்ததுமில்லை. அவருடைய மகன் டேனி ஒரு லாட்ஜில் ரிசப்ஷனில் இருந்தான். எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு லீவு நாளில், கவுஞ்சியில் சிநேகிதன் வீட்டுக்குப் போவதாகச் சொல்லி பைக்கில் கிளம்பினான். வயது இருபத்து நான்கு. மன்னவனூர் ரோட்டில் பூம்பாறை தாண்டி ஒரு வளைவில் பைக் நின்றிருந்தது. சாவி அதிலேயே இருந்தது. ஹெல்மெட் பைக் கண்ணாடியில் தொங்கியது. டேனியைக் காணோம்.

தீயணைப்புக்காரர்கள் கயிறு கட்டிப் பள்ளத்தில் இறங்கிப் பார்த்தார்கள். மோப்ப நாய் வந்தது; பத்தடி நடந்து, குளிரில் தும்மிவிட்டுப் படுத்துக்கொண்டது. காதலா, சண்டையா என்று விசாரித்தார்கள். அப்படி எதுவும் அகப்படவில்லை. வழக்கு இன்னும் முடியவில்லை என்கிறார்கள். எந்த அலமாரியில் முடியாமல் இருக்கிறது என்று கேட்டால்தான் பதில் இல்லை.

அதன்பிறகு டேனியின் பெயர் மெல்ல மெல்லப் புழக்கத்திலிருந்து போனது. மனைவி ஆக்ஸிலியா, அந்த வீட்டில் தூக்கம் வரவில்லை என்று மகள் ஜென்சியோடு திருப்பூருக்குப் போய்விட்டாள். மகள் போன் செய்வாள். "சாப்டீங்களாப்பா? அங்க மழையா?" மழை பெய்யாத நாளிலும் மழையைப் பற்றியே பேசினார்கள். மாதா கோயிலில் எதிர்ப்படுகிறவர்கள் அவரைக் கண்டதும் கேரட் விளைச்சலுக்குத் தாவினார்கள். எல்லாம் நல்ல எண்ணம்தான். நல்ல எண்ணத்திலேயே எட்டு வருஷத்தில் ஒரு பெயரை ஊர் துடைத்துவிட்டது.

இந்த நிலையில்தான் டீக்கடையில் அந்தச் செய்தி காதில் விழுந்தது: ஜீப்காரர்கள் அந்த இடத்துக்கு 'டேனி வளைவு' என்று பேர் வைத்து, டூரிஸ்டுகளுக்குக் கதை சொல்கிறார்களாம்.

டிரைவர் பாலமுருகன் கீழே, பழனிக்குப் பக்கத்தில் ஆயக்குடிக்காரன். இரண்டு சீசனாகத்தான் மலையில் வண்டி ஓட்டுகிறான். அருள்மணியை அவனுக்குத் தெரியாது. வளைவு வந்ததும் வேகத்தைக் குறைத்தான்.

"சார், மேடம், எல்லாரும் ரைட் சைடு பாருங்க. இதாங்க டேனி வளைவு. டேனின்னு ஒரு பையன். எம்.பி.ஏ. கோல்டு மெடலு! அமெரிக்காவுல கூப்ட்டும் போகல. இந்தா, இந்தக் கல்லுகிட்டதான் வண்டிய நிறுத்துனான். பனி மஞ்சு எறங்குச்சு. அம்புட்டுதான்!"

டேனி பிளஸ் டூ கணக்கில் இரண்டு முறை கோட்டை விட்டவன். அருள்மணியின் கை எழுந்தது.

"அய்யோ பாவம், பேரு என்ன சொன்னீங்க?" என்றாள் முன்சீட்டு அம்மாள்.

"டேனிங்க மேடம். டேனி."

எழுந்த கை கம்பியைப் பிடித்துக்கொண்டது. ஒரே நிமிஷத்தில் இத்தனை தடவை அந்தப் பெயரை அவர் கேட்டுப் பல வருஷம் ஆகியிருந்தது.

அடுத்த ஞாயிறு, பூசை முடிந்ததும், மறுபடி அதே ஜீப். அதற்கடுத்த ஞாயிறும். பாலமுருகன் ஆளுக்குத் தகுந்த முடிவு வைத்திருந்தான். கல்லூரிப் பையன்களுக்கு டேனி பேயாகி, சாயங்காலம் மஞ்சுக்குள் விசிலடிப்பான். வயசானவர்களுக்குப் பழனி அடிவாரத்தில் சாமியாராகத் திரிவான். குடும்பத்தோடு வந்தவர்களுக்குக் கனடாவில் ஹோட்டல் நடத்துவான். போன தீபாவளிக்குக்கூட யாரோ பார்த்தார்களாம். அருள்மணி கனடாக் கட்சி. பையன்கள் ஏறினால் இறங்கிவிட்டு, பாலமுருகனின் அடுத்த சவாரிக்குக் குடும்பம் வரும்வரை நிற்பார்.

நாலாவது ஞாயிறு வாய் சும்மா இருக்கவில்லை. "அந்தப் பையனோட அப்பா என்ன ஆனாரு தம்பி?"

பாலமுருகன் அதை யோசித்து வைத்திருக்கவில்லை. கியரை மாற்றினான்.

"அப்பாங்களா? அதான் சார் பெரிய சோகம். அந்த வருஷமே நெஞ்சு வெடிச்சுப் போய்ட்டாரு."

எல்லோரும் 'ச்சு' கொட்டினார்கள். மரியாதைக்கு அருள்மணியும் கொட்டினார்.

ஏரிக்கரை டீக்கடையில் தனியாக டீ குடித்துக்கொண்டிருந்தவரிடம் பாலமுருகன் வந்தான். "என்ன பெருசு, நாலாவது தடவ வர்றீக! ஏரிக்குள்ள எதயும் போட்டுட்டீகளா?"

"நெஞ்சு வெடிச்சுச் செத்தது நாந்தான்" என்றார். "டேனிக்கு அப்பன். மெஸ்ஸு அருள்மணி."

சிரிக்க ஆரம்பித்தவன் அவர் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினான்.

"ஐயா... தெரியாதுங்கய்யா. மத்த டிரைவருக சொன்னத நானும் கொஞ்சம் இழுத்துச் சொல்லிட்டேன். இனி அந்தப் பேரு என் வாயில வராதுங்கய்யா. பழனி முருகன் மேல சத்தியம்!"

"ஏலே, ஏலே! அத மட்டும் செஞ்சிராத." அருள்மணி அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "பேயின்னு சொல்லு, சாமியாருன்னு சொல்லு, கோல்டு மெடலு இன்னும் ரெண்டு குடு. பேரச் சொல்லாம மட்டும் விட்றாத. என்னையும் சாகடிக்காத. அவன் வந்தா வீட்ல ஆளு வேணும்ல?"

பாலமுருகன் சரியென்று தலையை ஆட்டினான். ஆனால் அவன் பழனி அடிவாரத்துக்குப் பக்கத்து ஊர்க்காரன். முருகன் மேல் போட்ட சத்தியத்தை டீக்கடையில் வைத்துத் திரும்ப வாங்கிக்கொள்ள அவனுக்குத் தைரியமில்லை. அடுத்த ஞாயிறு வளைவு வந்தது. அவன் ரோட்டைப் பார்த்தபடியே ஓட்டினான். ஜீப்பில் இருந்த கரூர்க் குடும்பம் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தது. கல் வந்தது, போயே போய்விட்டது.

அருள்மணி குல்லாவைக் கழற்றினார்.

"இந்தா, இப்பத் தாண்டுனோம்ல, அங்கதாங்க ஒரு பையன் காணாமப் போனான்."

பக்கத்தில் இருந்த அம்மாள் நிமிர்ந்தாள். "அய்யய்யோ, எப்ப?"

"எட்டு வருஷமாச்சுங்க. லாட்ஜில வேல. கணக்கு வராது. பன்ன டீயில ரொம்ப நேரம் முக்குவான், பாதி உள்ள விழுந்துரும். அன்னிக்கு வெள்ளனே கெளம்புனான். சின்ன பைக்கு. சாவிய எடுக்கல."

"அப்புறம்?"

"அப்புறம் தெரியலங்க."

"போலீஸ்ல என்ன சொன்னாங்க?"

"அவுகளுக்கும் தெரியலங்க."

அம்மாள் இன்னும் ஏதாவது வரும் என்று கொஞ்ச தூரம் காத்திருந்தாள். வரவில்லை. ஏரியில் பாத்ரூம் வசதி உண்டா என்று டிரைவரைக் கேட்டாள். உண்டு என்றான் அவன், கண்ணாடியில் அருள்மணியைப் பார்த்தபடி.

அவளுடைய கணவர் செல்போனிலிருந்து தலையைத் தூக்கினார். "என்னவாம்?"

"ஒண்ணுமில்லைங்க. யாரோ ஒரு பையனாம்."

"டேனிங்க" என்றார் அருள்மணி.